போர்ட்டிகோவா, அடுப்படியா?

வீட்டைப் புதுப்பிக்கிறதப் பத்திப் பேச்சு வந்துச்சுல்ல... கொஞ்சம் இருங்க, ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு மேல போறேன். யாரும் எந்திரிச்சுப் போயிடாதீங்க, சாப்பாடு இன்னும் ரெடியாகல!

தணிகாசலம்னு ஒருத்தர். மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவர். கைக்குப் பணம் வந்துச்சு. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வர்ற பணம். அதுல என்ன பண்ணலாம்? வீட்டுக்கு முன்னாடி பெருசா போர்ட்டிகோ போடலாம்! எதுக்கு? கார் நிறுத்த. கார் இருக்கா? இல்ல! ஆனா எதிர்வீட்டுக்காரர் போட்டுட்டாரே...

இன்ஜினியர் எஸ்டிமேட் போட்டுக் குடுத்தார். இருக்கிற பணம் மொத்தமும் அதுக்கே சரியாப் போச்சு. வேற ஒரு ஆணி அடிக்கக்கூட மிச்சம் இல்ல. வர்ற வெள்ளிக்கிழமை வாஸ்து நாள், அன்னைக்கே குழி தோண்டிடலாம்னு முடிவாயிடுச்சு.

அந்த நேரம் பாத்து ஓசூர்ல இருக்கிற மகளுக்குப் பிரசவம். அவர் சம்சாரம் வேதநாயகி கெளம்பிப் போயிட்டாங்க. இப்ப வீட்டுல சமையல் யாரு? நம்ம தணிகாசலம்தான்!

ரெண்டு நாள் ரசம் வச்சார். தலை கால் புரியல மனுஷனுக்கு. போனப் போட்டார். "வேதம்! சமையல் சமையல்னு அலுத்துக்குவியே, இதுல என்ன கஷ்டம்? அடுப்பு மேடை என்ன ஒசரம், எவ்ளோ வசதி! குனியவே வேண்டாம். ஆமா, அடுப்புக்குக் கீழ எதுக்கு ஒரு மணைக்கட்டையப் போட்டு வச்சிருக்க? கால்ல இடிச்சுக்கிட்டே இருக்கு!"

அந்தப் பக்கம் அந்தம்மா சிரிக்கிறாங்க. "உங்களுக்கு வசதியாத்தாங்க இருக்கும். வீடு கட்டறப்ப மேடை எவ்ளோ ஒசரம்னு மேஸ்திரி கேட்டாரு. நீங்கதானே போய் நின்னு உங்க இடுப்பக் காட்டினீங்க? எனக்கு எட்டாது. அதான் மணைக்கட்டை மேல ஏறி நின்னு சமைக்கிறேன்."

"ஏன் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல... போன வருஷம் மணிக்கட்டு முறிஞ்சுதே, எப்படின்னு நெனச்சீங்க? கஞ்சி வடிக்கறப்ப அதுலருந்துதான் சறுக்குனேன்."

...

தரை ஈரத்துல வழுக்கிருச்சுன்னுதானே தணிகாசலம் இத்தனை நாள் நெனச்சுட்டு இருந்தாரு! கட்டு போட்ட கையோட அந்தம்மா வச்ச கொழம்புல உப்பு கம்மின்னு சொன்னதும் அவர்தான். ரசத்த அடுப்புலயே விட்டுட்டு, தரையில உக்காந்து அழுதார்யா அந்த மனுஷன்.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. கடப்பாரையோட ஆளுங்க வந்தாச்சு. இவர் சொல்றார்: "போர்ட்டிகோ வேணாம். அடுப்படியத்தான் மாத்தணும்."

மேஸ்திரி, "சரி சார், நல்ல நாளு, இன்னைக்கே இடிச்சிரலாம்"ங்கிறார்.

"வேணாம். அளவு ஓசூருக்குப் போயிருக்கு. வந்தப்புறம் ஆரம்பிப்போம்!"

நல்ல நாளாவது ஒண்ணாவது, போனாப் போகட்டும்னு விட்டுட்டார். பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டி, எல்லா வேலையும் முடிச்சு அந்தம்மா திரும்பி வர்ற வரைக்கும் ஒரு செங்கல்லத் தொட விடல. வந்ததும் சுவத்துப் பக்கம் நிக்க வச்சார். மேஸ்திரி சாக்பீஸோட உக்காந்திருக்கார்.

"என்னங்க இது? போர்ட்டிகோ என்னாச்சு?"

"வேதம்... இத்தனை வருஷம் இந்த வீட்டுல நான் தின்ன ஒவ்வொரு வாய்ச் சோறும் நீ கட்டை மேல நின்னு ஆக்கினது. எனக்குத் தெரியாமப் போச்சும்மா. ரொம்ப நன்றிம்மா."

கல்யாணம் ஆனதுலருந்து அந்த வார்த்தைய அவர் வாயில கேட்டதில்ல அந்தம்மா. முந்தானையால கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க. தொடச்சுட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? "மேஸ்திரி, இன்னும் ஒரு விரக்கடை கீழ போடுங்க. வயசாக வயசாக நான் இன்னும் குள்ளமாத்தான் ஆவேன்!"

சிரிக்கிறீங்க... சிரிங்க. ஆனா நான் எதுக்கு இதைச் சொன்னேன்? நீங்களும்தான் திட்டம் போடுறீங்க, எஸ்டிமேட் வாங்குறீங்க. தெருவுல போறவன் என்ன சொல்வான்னு யோசிக்கிறீங்க. தெருவுல போறவனா உங்களுக்குச் சோறு போட்டான்? கையில இருக்கிறது கொஞ்சம் பணம். அது முதல்ல எங்க போகணும்? இந்த வீட்டுக்காக யார் உடம்பு தேஞ்சுதோ, அவங்க நிக்கிற இடத்துக்குப் போகணும். மிச்சம் இருந்தா வாசலுக்குப் போங்க, நான் வேணாங்கல!

இப்ப எனக்குக் கை தட்ட வேணாம். உங்க வீட்டம்மா பக்கத்துலதானே உக்காந்திருக்காங்க? அந்தப் பக்கம் திரும்புங்க. திரும்பி, ஒரு நன்றி சொல்லுங்க.

என்ன... கூச்சமா இருக்கா? தெனம் தட்டை நீட்டுறப்ப வரலியே!