தலையில ஒட்டுன பஞ்சு

பெட்டிய எம்பட புள்ளயே தூக்கிட்டுப் போயிருவாளுங்க மேடம். நானும் மேல வந்து ஆஸ்டல் ரூமப் பாக்கோணும்னுதான் நெனச்சேன். மூணாவது மாடின்னு சொல்லிட்டீங்க, நான் இங்கியே உக்காந்துக்கறனுங்க. மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்குது. வெறுங்கைய வீசிட்டு நான் பின்னால போனேன்னா, ஒவ்வொரு படிக்கும் நின்னு திரும்பிப் பாப்பா. அவ எப்பப் போய்ச் சேர்றது.

டீயெல்லாம் வேண்டாமுங்க. சரி, அரைக் கிளாஸ் குடுங்க. டேபிள் மேலயே வெச்சிருங்க, ஆறட்டும்.

இந்த ஒறைங்களா? கை வீங்காம இருக்கறதுக்கு டாக்டரு போடச் சொன்னது. இந்தக் கையில வெயிட்டுத் தூக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது. ஆமாங்க, அதுக்குத்தான். எடது மாரு எடுத்தாச்சு, போன வருசம் ஆடியில. அப்பறம் எட்டு வாட்டி கீமோ, அது முடிஞ்சு ஒரு மாசம் கரண்ட் வெச்சாங்க. இப்ப ஒண்ணுமில்லீங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா போயிக் காட்டிட்டு வாரோணும், அவ்வளவுதான். நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க, உக்காருங்க. இதச் சொன்னா எல்லாரும் எந்திரிச்சு நின்னுக்கறாங்க, அது ஏன்னே தெரியல.

பாரத்துல, ஒரு வருசம் படிப்பு ஏன் நின்னுச்சுன்னு ஒரு கட்டம் இருக்குதுன்னீங்களே, அதுல அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு எழுதிக்கோங்க. அதுதான் காரணம். எம்பட பேரு தெய்வநாயகிங்க. ஊரு குமாரபாளையம். அவிய அப்பா லாரியில போறவரு, வடக்க லோடு ஏத்திட்டுப் போனா இருவது நாளு ஆவும் திரும்பி வர. அப்பறம் என்னைய ஆரு பாப்பா? ரெண்டாவது வருசம் ஆரம்பிச்சு பத்து நாளுகூட ஆவல. இதே மாதிரி பெட்டியத் தூக்கிட்டு வந்து ஊட்டுல நின்னா. ஏஞ்சாமின்னு கேட்டேன், லீவுன்னு சொன்னா. அந்த லீவுதான் ஒரு வருசம்.

நல்லாப் பாத்துக்கிட்டாளுங்க. சோறு வேகற வாசம் எனக்கு ஆவலைன்னு பக்கத்து ஊட்டுல போயி வடிச்சு எடுத்துட்டு வருவா. முடி கொட்டுனப்ப, முழுசாக் கொட்டறதுக்கு முன்னாலயே தானே கத்தரிச்சு விட்டுட்டா. கத்தரிச்சுப் போட்டு, அம்மா நீ இப்பத்தான் போலீசு மாதிரி இருக்கறங்கறா. சிரிச்சனுங்க. என்ன பண்றது பின்ன.

ஆனா ஒரே முடிவா ஒண்ணு சொல்லிட்டா. நீ மறுபடியும் பட்டறைக்கு வேலைக்குப் போவோணும், அப்பத்தான் நான் காலேஜுக்குப் போவேன்னு. சும்மா அடம் இல்லீங்க. ஊட்டுல தனியா இருந்தா நான் எந்திரிக்காம படுத்தே கெடப்பேனாம். மயக்கம் போட்டு விழுந்தா கேக்க ஆளில்லியாம். பட்டறைன்னா சுத்தி நாலு பேரு இருப்பாங்க, தாங்கிப் புடிப்பாங்கன்னு அவ கணக்கு. அவிய அப்பா சொல்லிப் பாத்தாரு, டாக்டரு சொல்லிப் பாத்தாரு. ஒண்ணும் ஆவல. இன்னைக்கு விட்டா அடுத்த வருசம்தான் சேத்துக்குவோம்னு உங்க ஆபீசுல சொல்லிட்டாங்க. அடுத்த வருசம்னா அவ வருவான்னு எனக்கு நம்பிக்கை இல்லீங்க.

ஆமாங்க, தறிப்பட்டறைதான். தறி ஓட்டறது இல்லீங்க, நான் பாவு பிணைக்கறவ. தறியில நீளவாக்குல ஓடற நூலுதான் பாவு. அது தீந்துபோற சமயத்துல முழுசா உருவிற மாட்டாங்க, வாலுமாதிரி கொஞ்சம் விட்டு வெச்சிருப்பாங்க. அந்தப் பழைய நூலு நுனியையும் புது நூலு நுனியையும் சேத்து வெச்சு, வெரல்ல துளி திருநீறத் தொட்டுக்கிட்டு, இப்படித் திரிச்சு விடோணும். அவ்வளவுதான் வேலை. ஆனா ஒரு லுங்கிப் பாவுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம் இழை. ஒண்ணு மாறிப் போனாலும் துணியில காட்டிக் குடுத்துரும். நான் பதினேழு வருசம் பண்ணுனனுங்க. கண்ணப் பாக்க உட மாட்டேன், கத பேசிக்கிட்டே பிணைப்பேன். வெரலுதான் பாக்கும்.

போனேனுங்க. வைகாசி பொறந்ததும் போனேன். எங்க மொதலாளி சென்னிமலையண்ணன், வாங்கக்கான்னு சொல்லி என்ற பழைய எடத்துலயே பலகையப் போட்டுக் குடுத்தாரு. அன்னைக்குச் சாயங்காலம் ஊட்டுக்குள்ள நொழையறேன், புள்ள ஓடி வந்து எம்பட தலையவே பாக்கறா. பட்டறையில இருந்து வந்தா தலையெல்லாம் பஞ்சா இருக்குமுங்க. நூலுல இருந்து பறக்கறது, முடியில போயி ஒட்டிக்கும். சின்னதுல இருந்தே அத எடுத்து விடறது அவ வேலை. அன்னைக்குச் சேருல உக்கார வெச்சு, ஒவ்வொண்ணா எடுத்தா. முடியே ஒரு வெரக்கட தான் வளந்திருந்துச்சு, சுருட்ட சுருட்டையா. அதுல எத்தன பஞ்சு இருந்துரப் போவுது? அர மணி நேரம் எடுத்தா. அழுவறாளான்னு திரும்பிப் பாக்கப் போனேன், திரும்பாதம்மான்னு சொல்லிட்டா. அடுத்த நாளு காலையில உங்க காலேஜுக்குப் போன் பண்ணிட்டா.

மேடம், அவ எறங்கி வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. அந்தப் படிக்கட்டக் கொஞ்சம் பாத்துக்கோங்க.

எனக்கு வேலை இல்லீங்க.

ரெண்டு நாளுதான் போனேன். அதோட நின்னு போச்சு. அந்தக் கீமோ மருந்துல வெரல் நுனியெல்லாம் மரத்துப் போச்சுங்க. டீய வெச்சிருங்கன்னு சொன்னனே, கையில வாங்குனா அது சுடுதா ஆறிருச்சான்னு எனக்குத் தெரியாது. போன மாசம் இட்லிச் சட்டி மூடியத் தொட்டு கொப்புளமே வந்துருச்சு, கண்ணால பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மாரு எடுத்ததக்கூட ரவிக்கைக்குள்ள ஒரு துணிய உருட்டி வெச்சுச் சமாளிச்சுக்கலாமுங்க. வெரலு நுனிக்கு என்னத்த வெக்கறது?

ரெண்டு நாளு உக்காந்து ஒரு பாவு பிணைச்சேன். முன்னயெல்லாம் அர நாளு வேலை அது. நூலு வெரலுக்கு நடுவுல இருக்குதா நழுவிருச்சான்னே தெரியல. தறிய ஓட்டுனாங்க. ஒரு சாண் ஓடல, பல்லு போன வாயாட்டம் அங்கங்க அறுந்து தொங்குது. சென்னிமலையண்ணன் தறிய நிறுத்திட்டாரு. கமலவேணியக் கூப்பிட்டு, எல்லாத்தயும் பிரிச்சு மறுக்காப் பிணைக்கச் சொன்னாரு. அவ எனக்குப் பக்கத்துப் பலகைக்காரி. அப்பறம் என்கிட்ட வந்து, ஒரு ஆறு மாசம் போவட்டுமுங்கக்கா, ஒடம்பத் தேத்திட்டு வாங்கன்னாரு. வஞ்சிருந்தாருன்னா மூணாவது நாளும் போயி நின்னிருப்பேன். அவரு வையலீங்க.

டாக்டருகிட்டக் கேட்டேன். சில பேருக்கு ஒரு வருசத்துல சரியாவும், சில பேருக்கு அப்படியேதான் இருக்கும்னு சொன்னாரு. நான் எந்தச் சில பேருன்னு அவருக்கும் தெரியாது.

ஊட்டுக்கு வந்து சொல்லிறலாம்னுதான் வந்தேன். புள்ள பெட்டியத் தொடச்சு வெயில்ல காயப் போட்டுட்டு இருக்கறா. தூக்குப்போசியக் கழுவி, மறுநாளும் வேலைக்குப் போறவளாட்டமே எடுத்து வெச்சுட்டேன்.

அன்னையில இருந்து தெனமும் கெளம்பிருவனுங்க. ஏழரைக்குத் தூக்குப்போசியில சோத்தப் போட்டுக்கிட்டு, பாலத்தத் தாண்டி பவானிக்கு நடந்துருவேன். கோயில் மண்டபத்துல உக்காந்திருப்பேன். பூக்காரம்மா ஒருத்தி, என்னக்கா நாப்பத்தெட்டு நாளு வேண்டுதலான்னு கேட்டா. ஆமான்னுட்டேன், வேற என்ன சொல்றது. ஒரு மணிக்கு இவ போன் பண்ணுவா, சாப்பிட்டியாம்மான்னு கேக்க. தறிச்சத்தம் கேக்கோணுமில்ல? அதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயி, ஏதாவது ஒரு பட்டறைச் சன்னலுக்குக் கீழ நின்னுக்குவேன். நெழலு இருக்காது, உச்சி வெயிலு. பேசி முடிச்சுட்டு மண்டபத்துக்கு வந்துருவேன். அஞ்சரைக்குக் கமலவேணி பட்டறைய விட்டு வருவா, பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்னு அவளோட சேந்து வந்துக்கறது. அவளுக்கு மட்டும் தெரியும்.

பஞ்சுங்களா? இதோ, இந்தப் பையிலதான் இருக்குது, கவருல. தறிக்கு அடியில கூட்டி அள்ளறதுல கொஞ்சம் எனக்குன்னு எடுத்துட்டு வருவா கமலவேணி. இப்படி ஒரு சிட்டிகை எடுத்துப் பிச்சு, காதுக்கு மேல கொஞ்சம், உச்சியில கொஞ்சம். பாத்தீங்களா, அதுபாட்டுக்கு ஒட்டிக்கும். ஒட்டுச்சா இல்லியான்னு என்ற வெரலுக்குத் தெரியாது, மளிகைக் கடைக் கண்ணாடியில பாத்துக்குவேன். ரொம்ப வெச்சறக் கூடாதுங்க. வெச்சா, இன்னைக்கு வேலை சாஸ்தியாம்மான்னு கேட்டு கையப் புடிச்சு விட ஆரம்பிச்சுருவா. இருபத்தாறு நாளா புள்ள அத நெசம்னு எடுத்து விட்டுட்டு இருக்கறா. அப்பத்தான் மேடம் எனக்குக் கண்ணு கலங்கிரும். மத்தபடி நான் அழுவறவ இல்லீங்க.

சொல்லிறலாமுங்க. நீங்க சொல்றது நாயந்தான். சொன்னா அந்தப் பெட்டி இப்பவே கீழ எறங்கி வந்துரும். அவ படிப்ப நான் ஒருக்காத் தின்னுட்டேன், மறுக்காவும் திங்கோணுமா?

அதனால உங்ககிட்டக் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். வார நாளுல ஊருக்குப் போறேன்னு கேட்டா, அனுப்பறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டுருங்க. திடுதிப்புன்னு வந்து நின்னான்னா பட்டறைக்கு நேரா போயிருவா. பொய் சொல்லச் சொல்லலீங்க. போன் மட்டும் பண்ணுனாப் போதும்.

வாராளுங்களா? செருப்புச் சத்தம் கேக்குது. இருங்க, தலையத் தட்டி விட்டுக்கறேன். கவர உள்ள வெச்சுக்கறேன்.

வா சாமி. ரூம்பு எப்படி இருக்குது? சன்னலுப் பக்கமா? அப்பச் சரி, காத்து வரும். கூட இருக்கற புள்ள எந்த ஊரு? ராசிபுரமா, நம்ம பக்கந்தான். மேடம் டீயெல்லாம் குடுத்தாங்க. நான் சும்மா பட்டறைக் கதையச் சொல்லிட்டு இருந்தேன். அப்ப நான் கெளம்பட்டுமா? இன்னைக்கு ஒரு நாளுதான லீவு சொன்னேன், நாளைக்கு வெடியறதுக்குள்ள புதுப் பாவு வந்து நிக்கும்.

என்ன பாக்கற? தலையில என்ன?

பஞ்சா.

அது நேத்து ஒட்டுனதா இருக்கும் சாமி. ஆமா, காலையில நீதான் தலைக்குத் தண்ணி வாத்து விட்ட, மறந்துட்டேன். அப்ப பஸ்ஸுலதான். முன்னால ஒருத்தரு தலகாணி மூட்டைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாருல்ல, அதுலதான் பறந்திருக்கும். நீ பாக்கலியா? நீ தூங்கிட்ட.

இன்னும் இருக்குதா, காதுக்கு மேலயா? எடு. சரி, எடுத்தாச்சா? கையத் தட்டி விடு, எதுக்குப் புடிச்சுக்கிட்டு நிக்கற?

என்ன? சத்தமாச் சொல்லு, மேடந்தான இருக்காங்க. சரி சாமி. உனக்கு எப்பத் தோதோ அப்பப் பண்ணு. மணி அடிக்கறாங்க பாரு, சாப்பாட்டு மணியாட்ட இருக்குது, போ. மொத நாளே கடைசியாப் போயி நிக்கக் கூடாது. நான் போயிட்டு வாரேன். அழுவக் கூடாது, போ.

மேடம், நான் திரும்பிப் பாக்கலீங்க, நீங்க பாத்துச் சொல்லுங்க. சாப்பாட்டு ரூம்பு பக்கந்தான் போறாளா? மாடிக்குப் போவலையே? போயிட்டாளா. உள்ள போயிட்டாளா.

அந்தப் பஞ்சக் கீழ போட்டாளுங்களா? போடலியா.

காதோரத்துல என்ன சொன்னான்னு கேக்கறீங்களா? என்னமோ போங்க, போன் சமாச்சாரந்தான். இனிமேட்டு மத்தியானம் கூப்பிட மாட்டாளாம், ராத்திரிக்குத்தான் பண்ணுவாளாம். அப்பறம், நாளைக்கு இருந்து ஒரு மணிக்கு வெயில்ல நிக்காதம்மான்னு சொன்னா.

பட்டறைக்குள்ள ஏதுங்க மேடம் வெயிலு.