தலைவரம்மாவின் ஓட்டு

— அப்ப இன்னிக்கு நீ என் புருஷனா வர்றியா, எதிர்த்தரப்பு ஆளா வர்றியா? அதை முதல்ல சொல்லு, ஆர்லின்.

— தலைநகர் பிஸ்மார்க் போய்ச் சேர்ற வரைக்கும் புருஷன். சபைக் கட்டடத்துக்குள்ள கால வச்சதும் எதிர்த்தரப்பு. திரும்பி வரும்போது என்னங்கிறதை உன் ஓட்டைப் பாத்துட்டுச் சொல்றேன், தலைவரம்மா.

— ஒழுங்கா ரோட்டைப் பாரு. இந்தப் பக்கம் இன்னும் பனி வாரல.

— இந்த ரோட்டுக்குத் தார் போடறதுக்கு முன்னாடியே இதுல கோதுமை லாரி ஓட்டினவன் நான். எழுவத்தெட்டு வயசுல எனக்குப் பரீட்சை வைக்கப்போறாங்களாம். அதுவும் யாரு? என் பொண்டாட்டி தலைமையில நடக்கிற கமிட்டி. நம்ம நார்வேப் பாட்டிங்க அலுத்துக்கிற மாதிரி, ஊஃப்தா!

— உனக்குன்னு யாரு சொன்னா? எழுவத்தஞ்சு தாண்டின எல்லாருக்கும்தான். ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை கண்ணைக் காட்டணும், பக்கத்துல ஒரு அதிகாரியை உக்கார வச்சு ஓட்டிக் காட்டணும். அவ்வளவுதான் மசோதா.

— எல்லாருக்கும்னா உனக்கும்தானே? போன கோடையில உனக்குக் கேக் வெட்டினப்ப மெழுகுவத்தி வைக்க இடம் பத்தலையே.

— எனக்கும்தான். செனட்டர் வெர்னா டாலஃப்சன் நீங்கலாகன்னு அதுல எழுதியிருக்கா என்ன?

— எழுதலாம்ல? நீதானே குழுத் தலைவர்? ஒரு வரி சேத்துக்கோ. அவ புருஷன் நீங்கலாகன்னு இன்னொரு வரி.

— ஜோக்குதான், போ.

— சும்மா சொல்றேன். ஆனா ஒண்ணு. மத்த மாநிலங்கள்ல எல்லாம் தலைவருக்குப் பிடிக்காத மசோதாவை இழுப்பறையில போட்டுப் பூட்டிடறாங்களாமே. நீயும் பூட்டிட்டா என்ன? நான் இந்தக் குளிர்ல சட்டையை இஸ்திரி போட்டிருக்க வேணாம்.

— நம்ம ஊர்ல அது நடக்காதுன்னு உனக்கே தெரியும். எவ்வளவு மொக்கையான மசோதாவா இருந்தாலும் குழுவுல ஒரு விசாரணை உண்டு. ஆதரிக்கிறவங்க பேசணும், எதிர்க்கிறவங்க பேசணும். அப்புறம் நாங்க ஓட்டுப் போட்டு, நிறைவேத்தலாம் இல்ல வேணாம்னு ஒரு பரிந்துரையோட முழு சபைக்கு அனுப்பணும். மாவு உருண்டை போட்ட நெஃப்லா சூப்பை மாநில சூப்பா அறிவிக்கணும்னு ஒருத்தர் கொண்டுவந்தாரே, அதுக்கே பாதி நாள் உக்காந்தோம்.

— அது நல்ல மசோதா. அதைப் போய்த் தோக்கடிச்சீங்க.

— அதைக் கொண்டுவந்தவர் எல்லாருக்கும் சூப் குடுத்தார். அதுலதான் தோத்துச்சு.

— இதைக் கொண்டுவந்த பையன் யாரு? ரைன்கேயா? ஃபார்கோ நகரத்துக்காரன். வாழ்க்கையில ஒரு கோழியாவது வளத்திருப்பானா?

— கோல்பி ரைன்கே நல்ல பையன். குழுவுலயும் இருக்கான். அவன்கிட்ட மரியாதையாப் பேசு. பேசறதுக்கு ஏதாவது எழுதி வச்சிருக்கியா?

— இல்ல. வாய்ல வர்றதுதான்.

— அப்ப அளந்து பேசு. ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம்தான், தெரியும்ல?

— முழுசா அஞ்சு நிமிஷமா? நடுவுல நீ குறுக்க பேசமாட்டியா? கல்யாணம் ஆனதுலேர்ந்து இப்படி ஒரு சலுகை கிடைச்சதில்ல. இது தெரிஞ்சிருந்தா வருஷா வருஷம் வந்திருப்பேனே!

*

— அடுத்து, மசோதாவை எதிர்த்துப் பேச வந்தவங்க. உங்க பேரு, ஊரு, யார் சார்பாப் பேசறீங்கன்னு பதிவுக்காகச் சொல்லுங்க.

— என் பேரா? ஏன் வெர்னா, உனக்கு…

— தலைவர்னு சொல்லணும்.

— மன்னிக்கணும், தலைவரம்மா. என் பேரு ஆர்லின் டாலஃப்சன். கோதுமையும் சூரியகாந்தியும் போடறேன். யார் சார்பாவும் வரல. சொந்த வண்டியில, நானே ஓட்டிக்கிட்டு வந்தேன். வர்ற வழியில ஒரு அம்மாவை ஏத்திக்கிட்டு வந்தேன். அவங்க கருத்துக்கு நான் பொறுப்பில்ல.

— உறுப்பினர்கள் சிரிச்சு முடிச்சாச்சுன்னா நடத்தலாம். பதிவுக்காக நானே சொல்லிடறேன். பேச வந்திருக்கிறவர் என் கணவர். யாருக்காவது ஆட்சேபணை உண்டா? இல்ல. செனட்டர் ரைன்கே, நீங்க கை தூக்கறீங்களே?

— ஆட்சேபணை இல்ல மேடம். அனுதாபம் தெரிவிக்கலாம்னு தூக்கினேன்.

— யாருக்கு அனுதாபம்னு கேக்கமாட்டேன். பேசுங்க, திரு. டாலஃப்சன்.

— நன்றிங்க. எங்க பக்கம் பஸ் கிடையாது. டாக்சின்னா எங்க ஆளுங்களுக்கு சினிமாவுல பாத்தது. டாக்டர், மளிகை, சர்ச், எதுக்கும் சாவியைக் கையில எடுத்தாத்தான் ஆச்சு. பக்கத்துப் பண்ணை லாய்டு ஹவ்கனோட சாவியைப் போன குளிர்காலத்துல அவன் பசங்க வாங்கி வச்சுட்டாங்க. கெட்ட எண்ணம் இல்ல. தேவையானதெல்லாம் வாங்கிட்டு வந்து போட்டுடறாங்க. ஆனா அவன் இப்ப ஜன்னல் ஓரமா உக்காந்து ரோட்டையே பாத்துக்கிட்டிருக்கான். நான் போனா எந்திரிச்சு வாசலுக்கு வர்றதில்ல. முன்னெல்லாம் என் வண்டிச் சத்தம் கேட்டா காபியோட வெளிய நிப்பான்.

— இன்னும் நேரம் இருக்கு. சொல்லுங்க.

— மத்தவங்ககிட்டப் போய், "என்னை அங்க கொண்டு விடறியா"ன்னு கேக்கறது இருக்கே, லாய்டு மாதிரி சோம்பேறிக்கே அது முடியல. இன்னும் சில பேரு இருக்காங்க. தொகுதியில எங்கயோ ஒரு பண்ணைக் கிணத்துல தண்ணி நாறுதுன்னு ஃபோன் வந்தா, தட்டுல இருக்கிறதை அப்படியே விட்டுட்டு வண்டியெடுக்கிற ஆளுங்க. ஊருக்கே ஓடி ஓடிப் பழகினவங்க. அவங்க கையிலேர்ந்து சாவியை வாங்கினா நீங்க நிறுத்தறது வண்டியை இல்லங்க, ஆளை. அதை யோசிச்சு ஓட்டுப் போடுங்க. அவ்வளவுதான்.

— நன்றி. உறுப்பினர்களுக்குக் கேள்வி இருக்கா? செனட்டர் ரைன்கே.

— நன்றி மேடம். ஐயா, மனசைத் தொடற மாதிரி பேசினீங்க. உங்க சிநேகிதர் சாவியை ஏன் வாங்கினாங்க?

— ஸ்டாப் போர்டைப் பாக்காமப் போயிட்டான். குறுக்க ஸ்கூல் பஸ்.

— யாருக்காவது அடியா?

— இல்ல. பஸ் ஓட்டின பொண்ணு கெட்டிக்காரி.

— எங்க வீட்டுல அந்த அதிர்ஷ்டம் இல்லாமப் போச்சு. அதோ கடைசி பெஞ்சில ஊன்றுகோலோட உக்காந்திருக்காளே, என் தங்கச்சி. ரோட்டைக் கடக்கும்போது ஒருத்தர் இடிச்சுட்டார். எண்பத்தொண்ணு வயசு. நல்ல மனுஷன். ஒவ்வொரு பிறந்தநாளைக்கும் அவளுக்குக் கேக் செஞ்சு அனுப்பறார். அவருக்குக் கண்ணு சரியாத் தெரியல, அதான் நடந்தது. அவர் வீட்டுல இருந்தவங்களுக்குத் தெரியும். யாரும் அவர்கிட்ட சொல்லல.

— எனக்குத் தெரியாதுப்பா. மன்னிச்சுக்கம்மா, அங்க பின்னாடி.

— பரவாயில்ல ஐயா, அவ சிரிக்கிறா பாருங்க. உங்க சூரியகாந்தி டை அவளுக்குப் பிடிச்சிருக்காம். இன்னும் ஒரே ஒரு கேள்வி. இந்தப் பரீட்சையை உங்களுக்கு வச்சா நீங்க தேறுவீங்களா?

— நானா? கண்ணை மூடிக்கிட்டுத் தேறுவேன்.

— அதுதான் ஐயா எங்க பயமே.

— ஊஃப்தா. மாட்டிக்கிட்டேன்.

— இந்த வருஷத்துல எதையாவது இடிச்சிருக்கீங்களா? சின்னதா?

— எங்க வீட்டுத் தபால் பெட்டி சாஞ்சுது. பனி வாரற வண்டி மேல பழியப் போட்டாச்சு.

— இடிச்சது பனி வண்டிதானா?

— பைபிள் மேல கை வச்சா நான் பேச ஆரம்பிச்சேன்? இல்லல்ல? அப்ப பனி வண்டிதான்.

— செனட்டர், தபால் பெட்டி இந்த மசோதாவுல வரல. வேற கேள்வி இல்லைன்னா சாட்சி இறங்கலாம். விசாரணை முடிஞ்சுது. சாப்பாட்டுக்கு அப்புறம் குழு மசோதாவை எடுத்துக்கும். திரு. டாலஃப்சன், நீங்க இருக்கணும்னு கட்டாயமில்ல. கேண்டீன் கீழ்த் தளத்துல இருக்கு.

— பாத்தீங்களா, எல்லாரும்? எதிர்த்துப் பேசினா வீட்டுச் சாப்பாடு கட்!

*

— நான் அங்க மல்லுக்கட்டிக்கிட்டிருந்தேன், நீ கீழ ஹாயா உக்காந்து சூப் குடிச்சிருக்க. எப்படி இருந்துச்சு?

— உருண்டையெல்லாம் கல்லு. அதை மாநில சூப்பா ஆக்காதது நல்லதாப் போச்சு. சரி, இழுக்காத. என்ன ஆச்சு?

— ரைன்கே எழுதினபடியே ஓட்டுக்கு விட்டிருந்தா தோத்திருக்கும். கிராமத்து உறுப்பினர்கள் மூணு பேர் மூஞ்சியும் நீ பேசினதுக்கப்புறம் மாறிப்போச்சு. டிஷ்யூ கேட்டாரு ஒருத்தர்.

— ஆகா! அப்ப ஜெயிச்சுட்டேனா?

— முழுசாக் கேளு. நான் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். பரீட்சைக்குன்னு கிழடுங்களை நகரத்துக்கு இழுக்கக்கூடாது. அதிகாரிதான் ஊர் ஊரா வரணும். தேறலைன்னா உடனே லைசென்சைப் பிடுங்கக்கூடாது. பகல் வெளிச்சத்துல, வீட்டுக்குக் கிட்டத்துல ஓட்டிக்கலாம். சர்ச்சுக்கு, கடைக்கு, லாய்டு வீட்டுக்கு.

— இது நான் சொன்னது!

— நீ எங்க சொன்ன? நீ லாய்டு காபி கதையைத்தான் சொன்ன.

— அதுக்குள்ளேர்ந்துதானே உருவின?

— உருவினேன். பதிவுல உன் பேரு வராது.

— வேணாம். ராத்திரி ஆப்பிள் பை செஞ்சு குடு, போதும். அப்புறம்?

— திருத்தத்தை எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அப்புறம் திருத்தின மசோதாவை நிறைவேத்தலாம்னு பரிந்துரைக்கிறதா வேணாமான்னு ஓட்டு. ஒவ்வொரு பேராக் கூப்பிட்டாங்க. மூணு ஆமா, மூணு இல்ல. தலைவர் பேரு கடைசியாத்தான் வரும்.

— வெர்னா…

— ஆமான்னேன்.

— ஊஃப்தா. கொஞ்ச நேரம் என்கிட்டப் பேசாத. கோவப்படப் போறேன்.

— எவ்வளவு நேரம்?

— அந்தத் தானியக் கோபுரம் வர்ற வரைக்கும்.

— சரி.

— அதுவரைக்கும் ரேடியோ பேசட்டும்.

— கோபுரம் தாண்டியாச்சு, ஆர்லின்.

— தெரியுது. வேகமா ஓட்டிட்டேன் போல, கோவம் முழுசா வரல. ஏன் ஆமான்ன?

— சாப்பாட்டு நேரத்துல ரைன்கே தங்கச்சி எனக்குக் கதவைத் திறந்து பிடிச்சா. ஊன்றுகோலைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, "முன்னாடி போங்க மேடம்"ங்கிறா. எனக்கு! வீட்டுல இருந்தவங்க அந்த ஆளுகிட்ட சொல்லலைன்னு ரைன்கே சொன்னானே, அதுதான் அப்ப காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்த மனுஷனுக்கே தெரிஞ்சிருக்கும், ஆர்லின். யாராவது வாயத் திறக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்திருப்பார்.

— ம். இனி முழு சபை. அங்க இதை எடுத்துப் பேசப்போறது யாரு? அந்தப் பையனா?

— அவன் பேசினா, இந்தப் பொடியனுக்கு வயசானவங்க மேல என்ன கோவம்பாங்க. நானே பேசறேன்னுட்டேன். செவ்வாய்க்கிழமை.

— நீயா? நம்ம தொகுதியில பாதிப் பேருக்கு எழுவத்தஞ்சு தாண்டியாச்சு. கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. அடுத்த தேர்தல்ல லாய்டுகூட உனக்கு ஓட்டுப் போடமாட்டான்.

— போட வேணாம். நான் நிக்கப்போறதில்ல.

— விளையாடாத.

— விளையாடல. வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்து. அந்தத் திருத்தத்துல தேறாதவங்களுக்குப் பிஸ்மார்க் வரைக்கும் ஓட்ட அனுமதி கிடையாது. நான்தானே எழுதினேன், எனக்குத் தெரியும்.

— நிறுத்திட்டேன். என்ன சொல்ல வர்ற?

— அந்தப் பரீட்சையில நீ தேறிடுவ, ஆர்லின். நான்தான் தேறமாட்டேன். இடது கண்ணு போன அறுவடையிலேர்ந்தே புகை மாதிரிதான் தெரியுது. உன்கிட்ட சொல்லல.

— தெரியும் வெர்னா, தபால் பெட்டியை நீ சாச்ச அன்னிக்கே. பின்ன, அங்க நான் யாரு சாவிக்காகப் பேசினேன்னு நெனச்ச?