டீயில் விழுந்த ரப்பர் பேண்டு

முன்வரிசையில ரெண்டு பேருக்குக் கண்ணு சொக்குது... அதனால ஒரு குட்டிக் கதை சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் தூங்குங்க.

கரூர்ல பூங்கோதைன்னு ஒரு பொண்ணு. பெட்ஷீட் ஏற்றுமதி பண்ற கம்பெனியில இன்டர்வியூ. வீட்டுல அப்பாவுக்கு வேலை போயிடுச்சு, இந்த வேலை கிடைச்சே ஆகணும். ஆனா அவளுக்கு ஒரே பயம்... எது? 'ஷீட்'. அந்த வார்த்தையைக் குறுக்கிச் சொன்னா என்ன ஆகும்னு நான் மேடையில சொல்ல மாட்டேன். நீங்க சிரிக்கிறதைப் பார்த்தா உங்களுக்கே தெரியும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புல ஒரு வைத்தியம் சொல்லிக் குடுத்தாங்க. கையில ரப்பர் பேண்டு மாட்டிக்க. 'ஷிப்'னா சும்மா விடு. 'ஷீப்'னா இழு. குறிலுக்கு விடு... நெடிலுக்கு இழு. பொண்ணு தூக்கத்துலயும் இழுத்தா.

இன்டர்வியூ. மேனேஜர் சென்னியப்பன் டீயை முன்னாடி வெச்சுக்கிட்டு ஒரு தாளை நீட்டினாரு. "இதைப் படிங்க அம்மிணி."

என்ன எழுதியிருந்தது தெரியுமா? 'ப்ளீஸ் கீப் தி க்ரீன் ஷீட் நீட் அண்ட் க்ளீன்.' ஐயோ பாவம்... வார்த்தைக்கு வார்த்தை நெடில்! மேஜை ஓரத்துல கையை வெச்சு ரப்பர் பேண்டை இழுத்தா. "ப்ளீ...ஸ்... கீ...ப்..." இழு... இழு... 'ஷீ'க்கு வந்தா பாருங்க... டப்! அறுந்து பறந்து, நேரா சென்னியப்பன் டீக்குள்ள!

அவரு கவனிக்கல. அவளோட விண்ணப்பத்தைப் பார்த்துக்கிட்டே டம்ளரை வாய்க்குக் கொண்டு போறாரு. இவ எந்திரிச்சுட்டா.

"சார், டோன்ட் ட்ரிங்க்! ரப்பர் பேண்ட் இன் தி டீ! ப்ளீஸ் கிவ் மீ, ஐ வில் ப்ரிங் க்ளீன் டீ!"

எல்லாம் ஒரே மூச்சுல. கையில ரப்பர் பேண்டு இல்ல. குறிலும் நெடிலும் அதது இடத்துல போய் உட்கார்ந்துக்கிச்சு.

சென்னியப்பன் டம்ளருக்குள்ள எட்டிப் பார்த்தாரு. அவளைப் பார்த்தாரு. "ஏனுங்க அம்மிணி... இந்த இங்கிலீஷை இவ்வளவு நேரம் எங்கீங்க வெச்சிருந்தீங்க?"

ரப்பர் பேண்டு வைத்தியத்தை அவ சொல்லிட்டா. வேலை கிடைச்சுது. முதல் நாள் அவ மேஜையில ஒரு டப்பா நிறைய ரப்பர் பேண்டு வெச்சுட்டு அவரு சொன்னாராம், "இது ஃபைல் கட்டறதுக்கு மட்டும்."

பிள்ளைகளே... பல்லு வலிக்குதுன்னு டாக்டர்கிட்டப் போய் 'பாலு வலிக்குது'ன்னு எவனாவது சொல்லியிருக்கானா? குறிலும் நெடிலும் தாய்ப்பாலோட வந்தது நமக்கு. இங்கிலீஷுல மட்டும் ஏன் நாக்கு நடுங்குது? எதிர்ல இருக்கறவரு நம்ம நாக்கைத்தான் பார்க்கறாருன்னு நினைக்கிறோம். பூங்கோதை அந்த ஒரு நிமிஷம் தன் நாக்கை மறந்துட்டு, அவரோட டீயைப் பார்த்தா. அவ்வளவுதான் நடந்தது.

பயிற்சி பண்ணுங்க, வேண்டாங்கல. வீட்டுல எவ்வளவு வேணா இழுங்க. ஆனா நாளைக்கு இன்டர்வியூ ரூம் கதவைத் தள்ளிட்டு உள்ள போறப்போ... கையில இருக்கறதைக் கழட்டி வெளியில வெச்சுட்டுப் போங்க.