தொட்டிக்கு ஏற்ற சைவ மீன்

மயிலாப்பூரில் டிராமுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் பஞ்சகச்சம் கட்டிய ஒருவர், விற்று முடித்த காலிக் கூடையோடு நின்ற நொச்சிக்குப்பத்து மீன்காரியிடம் ரகசியக் குரலில் பேசினார். அந்தக் குரல்தான் எல்லோருக்கும் கேட்கும்.

"மீன் சைவமா இருக்கணும்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "இன்னா சாமி சொல்றே?"

"சாப்பிட இல்லேம்மா! ஆத்துல கண்ணாடித் தொட்டியில சமுத்திர ஜலம் ரொப்பி வெச்சிருக்கேன். உசிரோட நாலு மீன் விடணும். ஒண்ணையொண்ணு தின்னுடப்படாது. புழு கிழுன்னு ஆத்துக்குள்ள கொண்டு வரமுடியாது, பாரு."

"தொட்டி எம்மாம் பெருசு?"

கையிலிருந்த குடையில் பாதி நீளத்தை அளந்து காட்டினார்.

"அவ்ளோதானா? அப்போ பாறைல பாசி மேயற பொடிமீனுதான் சரி. பாசி புடிச்ச கல்லும் சேர்த்து எடுத்தாறேன்."

"பேஷ்! நம்மாத்துக்கு ஏத்த மீன்."

"வூட்ல பூனை கீதா?"

"இருக்கு. அதுவும் சுத்த சைவம். பொறந்ததுலேருந்து தயிர்சாதந்தான்."

டிராம் வந்தது. கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே அவள் கேட்டாள்:

"இத்தினி நாளா அதுக்கு வேற இன்னா போட்டே, சாமி?"