முதுபெரும் தந்தையே

வீரமலை: இப்ப என்னன்னுடா கூப்பிட்டே?

பிச்சமுத்து: ‘முதுபெரும் தந்தையே’ என விளித்தேன்.

வீரமலை: நேத்து வரைக்கும் ‘ஏ கெழம், கஞ்சி குடிக்க வா’ன்னுதானே கூப்பிட்டே?

பிச்சமுத்து: அது பண்பற்ற வழக்கு. ஐம்பது வயதில் இரவுப் பள்ளி சென்று எழுத்தறிந்தவன் நான். பெற்றவரைக் கிழம் எனலாமோ?

வீரமலை: நீ படிச்சு மூணு வருஷமாச்சு. மரியாதை இன்னிக்குத்தான் வந்துதா?... ஸ்ரீரங்கத்து டாக்டர் பாத்துட்டுப் போன பொறவு?

பிச்சமுத்து: மருத்துவர் தங்கள் நாடித்துடிப்பைப் பெரிதும் பாராட்டினார்.

வீரமலை: எங்கிட்டப் பாராட்டலையே! உன்னைத் தனியா வாசலுக்கில்ல கூட்டிட்டுப் போனார்?

பிச்சமுத்து: விருந்தினரை வழியனுப்புதல் நம் மரபு அன்றோ.

வீரமலை: மரபு!... எதிர்வீட்டு வேலம்மா வாயில எனக்குத் ‘தொண்டு கெழம்’னுதான் பேரு. காலையில சன்னல்ல எட்டிப் பாத்து, ‘பழுத்த பழம்’ங்கறா.

பிச்சமுத்து: மூத்தோரைக் கனிக்கு ஒப்பிடுதல் புகழ்ச்சியே ஆகும்.

வீரமலை: பழுத்தா விழணுமில்ல?

பிச்சமுத்து: போர்வையை இழுத்து விடுகிறேன், தந்தையே.

வீரமலை: நம்ம தறி ஏன் நிக்குது?

பிச்சமுத்து: இன்று... ஓய்வு.

வீரமலை: உறையூர்ல செவ்வாக்கெழமை எவன்டா ஓய்வெடுத்தான்? சரி, லால்குடியில அறுப்பு நடக்குது. உன் தங்கச்சி பவுனம்மா அதை விட்டுட்டு எதுக்கு பஸ் ஏறி வந்தா?

பிச்சமுத்து: தங்களைக் காணும் ஆவலால்...

வீரமலை: கதவோரமா நிக்கிறாளே, கையில என்ன டம்ளர்?

பிச்சமுத்து: பால். பால் உடலுக்கு வலிமை தரும் உணவாகும்.

வீரமலை: எனக்குப் பாலே ஆகாதுன்னு பெத்த பொண்ணுக்குத் தெரியாதா?... உங்கம்மாவுக்குக் கடைசியில ஆளுக்கொரு வாய் ஊத்தினோமே... அந்தப் பாலா அது?

பிச்சமுத்து: வீணே அஞ்சாதீர்கள், தந்தையே.

வீரமலை: கையைப் புடி. பழையபடி ‘ஏ கெழம்’னு ஒரு தடவை கூப்பிடு. எனக்கு ஒண்ணுமில்லைன்னு நம்பிடறேன்.

பிச்சமுத்து: தாங்கள் என்னை அவ்வாறு...

வீரமலை: கூப்பிடுடா!

பிச்சமுத்து: ஏ கெ... ஏ... வாய் வரமாட்டேங்குதுப்பா. சொல்ல வேண்டியவங்களுக்கெல்லாம் சொல்லிடுங்கன்னுட்டாருப்பா டாக்டர்.