வியாழக்கிழமைப் பேரம்

மன்னிப்பு எங்கள் கடையில் நாலு டாலர் ஐம்பது காசு. உறையும் சேர்த்து. அட்டையின் மேலே பூப் படம், உள்ளே மூன்று வரி. ரானுயியில் டெய்ரி என்கிற மூலைக்கடை நடத்துகிறவன் எல்லாவற்றுக்கும் ஒரு விலை ஒட்டித்தான் ஆக வேண்டும், டிடெக்டிவ். பாலும் ரொட்டியும் வாங்க வருகிறவர்கள் அதையும் எடுத்துப் போகிறார்கள். பேரம் மட்டும் பேசுவதில்லை. இந்த ஊர் மேல் எனக்கிருக்கும் ஒரே குறை அதுதான்.

நான் புதுச்சேரிக்காரன். அப்பாவுக்குப் பெரிய மார்க்கெட்டில் ஜவுளிக்கடை. விலையை நாம் முதலில் சொல்லக் கூடாது, எதிரே நிற்பவனே சொல்லிக்கொண்டு ஏறட்டும். தவழும்போதே இது எங்களுக்குத் தெரியும்.

எங்கள் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. அந்தப் பாஸ்போர்ட்டோடு என் அண்ணன் குணசீலன் பிரான்சில் ஒரு சிறு பட்டறைக்கு வேலைக்குப் போனான். எண்பதுகளின் தொடக்கம். ரேடார் கண்ணில் படாமல் தரையை ஒட்டிப் பறந்து போய் அணு ஏவுகணை வீசுவதற்கென்றே ஒரு மிராஜ் போர் விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதற்காக ஒரு சோதனை இறக்கையின் வேலையை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது அந்தப் பட்டறை. அண்ணன் ஒல்லி. இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டியில் நுழைந்து கசிவை அடைப்பது அவன் வேலை. நுழைவதற்கு முன், நச்சு ஆவி போகப் பத்து மணி நேரம் உள்ளே காற்று ஊத வேண்டும் என்பது விதி. மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். ஃபோர்மன் பத்து என்றார். பொறியாளர் முசியே துவால் இரண்டு என்றார். மூன்றில் படிந்தது. அண்ணன் உள்ளே போனான். அவன் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தனவாம். ‘அனுமதியின்றி நுழைந்தார்’ என்று அறிக்கை எழுதினார் துவால். சவப்பெட்டியோடு ஊருக்கு வந்த ஃபோர்மன் என்னிடம் சொன்னது இது.

எங்கள் பக்கம் சாவை நேராகச் சொல்லமாட்டோம். தந்தி வந்த அன்று அம்மாவிடம் நான்தான் ஆரம்பித்தேன்: “அண்ணனுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லியாம்மா.” அம்மாவும் வியாபாரி வீட்டுப் பெண். “கை கால் போனாலும் பரவால்லடா, உசுரோட அனுப்பச் சொல்லு” என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.

இத்தனை வருஷம் கழித்து, இங்கே, அந்தத் துவாலின் மகள் கிளேர் என் கடை வாடிக்கையாளர். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பா பக்கத்து ஹென்டர்சனில் முதியோருக்கான ஒரு ரெஸ்ட் ஹோமில் இருக்கிறார், மறதி நோய், இங்கிலீஷ் போய்விட்டது, வாரம் ஒருநாள் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்றாள். விமானத் துறையில் இருந்தவர் என்றாள். எந்த விமானம் என்று சொல்லவில்லை. அணுசக்திக் கப்பலைத் துறைமுகத்துக்குள்ளேயே விடாத இந்த நாட்டில், ரொட்டி வாங்கும்போது சொல்கிற விஷயமா அது? பெயரைச் சொன்னாள். எனக்கு அது போதும்.

முதல் வியாழக்கிழமை அண்ணனைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு சாக்லேட் கேட்டார். மறதி அவருக்கு எல்லாவற்றையும் தள்ளுபடி செய்திருந்தது. ஒன்றைத் தவிர. லியோனில் பல் மருத்துவராக இருக்கும் மகன் ஒலிவியே. ஞாயிறு தவறாமல் போன் செய்கிறவன்.

“முசியே, ஒலிவியேக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லையாம்” என்றேன்.

“காய்ச்சலா?”

“காய்ச்சலாக இருந்தால் தேவலையே.”

“விபத்தா? கால் போய்விட்டதா?”

“கால் என்றால் நான் வந்திருக்கவே மாட்டேன்.”

“இரண்டு காலுமா? பரவாயில்லை, வண்டியில் வைத்து நானே தள்ளுவேன். உயிர் இருக்கிறதல்லவா?”

நான் விலை சொல்லவில்லை. கை, கண், புத்தி என்று அவரே ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். கொடுக்க ஏதும் மிச்சமில்லாதபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான்.

அடுத்த வியாழன் அவருக்கு எதுவும் நினைவில்லை. மறுபடி ஆரம்பித்தோம்.

அங்கே பராமரிப்பு வேலை செய்யும் ரதிதேவி யாழ்ப்பாணத்துப் பெண். ஒருநாள் வாசலில் மறித்தாள். “அண்ணை, நீங்கள் வந்திட்டுப் போனா மனுசன் சாப்பிடுறாரில்லை. அப்பிடி என்னத்தைக் கதைக்கிறனீங்கள்?”

“பழைய பிளேன் கதைதாம்மா. வேற என்ன பேசுறது?”

“பிளேன் இவற்ற தலையிலயே விழுந்ததோ, இப்பிடி அழுகிறார்?”

நல்ல பெண். வாய்த் துடுக்கு.

ஜூனில் ஒரு வியாழன். இரண்டு கால்களையும் கொடுத்து முடித்தவர் திடீரென்று என் கையைப் பிடித்தார். “என் மகனுக்கு இது ஏன் நடந்ததென்று எனக்குத் தெரியும். ஒரு இந்தியப் பையனை உள்ளே அனுப்பினேன். காத்திருந்திருக்க வேண்டும். பிறகு பொய்யும் எழுதினேன். அவன் அம்மாவிடம் சொல்லுங்கள், தவறு என்னுடையது.”

நான் வாங்க வந்த சரக்கு அதுதான், டிடெக்டிவ். முழுசாகக் கொடுத்துவிட்டார். வரும்போது என் ஸ்டேஷனில் இறங்க மறந்து ரயிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வியாழன் போனேன். சாக்லேட் கேட்டார். கொடுத்ததே அவருக்கு நினைவில்லை. கொடுத்தவனுக்கே தெரியாத ஒன்றை எந்த வியாபாரி வரவில் வைப்பான்? “முசியே, ஒலிவியேக்குக் கொஞ்சம்…” என்று ஆரம்பித்தேன்.

ஆகஸ்டில் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. ரதிதேவி கரண்டியை நீட்டினால் வாயை இறுக்கிக்கொண்டார். புத்தி மறந்ததை வயிறு மறக்கவில்லை போலிருக்கிறது. ரதிதேவி சொல்லி, கிளேர் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. லியோனிலிருந்து மகன் அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தான்.

ஆமாம், நான்தான் கொன்றேன். தெரிந்தே செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கை நேர்மையாக எழுதுங்கள். என் அம்மா மகனை ஒரு தடவை இழந்தாள். துவால் முப்பத்தெட்டு தடவை இழந்தார். அதில் முப்பத்தேழு தடவை, மறுவாரமே மகனை உயிரோடு அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அதையும் என் வரவில் வையுங்கள்.