நொச்சிகுளத்து மாத்துக்கல்

இந்தப் பக்கம் ரோடு வாரதுக்கு ரொம்ப முந்தி, நொச்சிகுளம்னு ஒரு ஊரு. அந்த ஊருல வெள்ளச்சி வெள்ளச்சின்னு ஒரு வண்ணாத்தி இருந்தாளாம். ஊம் போடுங்க, ஊம் போடாட்டா கதை நடக்காது.

அந்தக் காலத்துல வீட்டுக்குத் தூரமான பொம்பளைக்கு வெளுத்த துணியை வண்ணாத்திதான் கொண்டு போகணும். அதுக்குப் பேரு மாத்து. நாப்பது வீட்டுக்கும் வெள்ளச்சிதான். வெளுப்பாளாம், காயப் போடுவாளாம், மடிச்சுக் கொண்டு போவாளாம். எந்த வீட்டுல யாருக்கு என்னைக்குன்னு அவளுக்கு அத்துபடி. யாரு முழுகாம இருக்கான்னு புருஷனுக்கு முந்தி வெள்ளச்சிக்குத் தெரியும். அதுல அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனந்தான்.

மேலத்தெரு முப்புடாதிக்கு ஒரே மகன், கோட்டைச்சாமி. சின்ன வயசுலயே பெத்தது, அவளுக்கே நாப்பது தாண்டல. மருமக ஆவுடை வந்து ஒரு வருஷம்கூட ஆகல. ஆடி மாசம் தோட்டத்துல கெணறு வெட்டுனாங்க. ஆவுடை கஞ்சிக்கலயத்தோட கரையில நிக்கா. உள்ள இருந்து அவன் அண்ணாந்து பாத்து, "வந்துட்டியா?"ன்னு சிரிச்சானாம். சிரிச்ச வாய் மூடலை, மண்ணு சரிஞ்சு அவனை மூடிட்டு.

ஊரே அழுதுச்சு. ஆவுடை மட்டும் அழல. அவ கையில இருந்த கலயத்தை வாங்கவே ரெண்டு நாளாச்சாம்.

ஆவணியில வெள்ளச்சி மாத்து கொண்டு போனா. "வேண்டாம் வெள்ளச்சி"ன்னுட்டா ஆவுடை. புரட்டாசியில போனா. "வேண்டாம் வெள்ளச்சி." ஐப்பசியில போனா. தலையை மட்டும் ஆட்டுனா.

அன்னைக்கு முப்புடாதி கொல்லையில கெடந்து அழுதுக்கிட்டு இருந்தாளாம். வெள்ளச்சிக்கு மனசு கேக்கல. நல்ல சேதியை நாமதான் மொதல்ல சொல்லணும்னு ஆசையும் இருந்துச்சு. ரெண்டும் உண்டு, ஒண்ணை மறைக்கக் கூடாது.

"அழாதீக தாயி. ஒங்க மகன் திரும்பி வாரான். மருமக மூணு மாசமா மாத்து வாங்கல."

சொல்லும்போதே அவளுக்குத் தன் பழைய கதை ஒண்ணு ஞாபகம் வந்துச்சாம். அது பின்னால வரும்.

முப்புடாதி எந்திரிச்சா. தலையை அள்ளி முடிஞ்சா. வெள்ளச்சிக்குப் புதுச் சுங்குடிச் சேலை கொடுத்தா. மருமகளைத் தரையில நடக்க விடல. பால் என்ன, முட்டை என்ன! "எனக்கு அப்படி ஒண்ணும் தெரியல அத்தே"ன்னு ஆவுடை சொல்லிப் பாத்தா. "ஒனக்கு என்னட்டி தெரியும்? வெள்ளச்சி சொன்னா தப்பாது"ன்னுட்டா மாமியா. அப்புறம் பாவம், அந்தப் பிள்ளையும் வயித்தைத் தடவிப் பாக்க ஆரம்பிச்சிருக்கு.

தை வந்துச்சு, மாசி வந்துச்சு. வயிறு வரல. வெள்ளச்சி அந்தத் தெரு வழியா போறதையே விட்டுட்டா.

பங்குனியில அந்தக் கெணத்துல ஊத்துக் கண்டு மொதத் தண்ணி எறைச்சாங்க. தண்ணியப் பாத்ததும் ஆவுடை ஓன்னு கத்துனாளாம். ஆடியில அழ வேண்டியதைப் பங்குனியில அழுது தீத்தா. மூணாம் நாளு மாத்து கேட்டு ஆள் விட்டா.

"கருவைக் கலைச்சிட்டாளே! எம் மகன் ஆடியில ஒருக்கச் செத்தான், இப்ப இவ ரெண்டாந்தரம் கொன்னுட்டாளே! என்னத்தட்டி தின்ன?"

தெருவே கூடிட்டு. கூட்டத்துல மாத்துத்துணியோட வெள்ளச்சியும் நிக்கா. ஆவுடை அவளைத்தான் பாத்தாளாம். 'நீ சொல்லேன்'னு பாத்தாளாம். வெள்ளச்சி வாயைத் தொறக்கல. சேலையப் பிடுங்கிருவாங்க, நாப்பது வீட்டுச் சோறு போயிரும்னு பயம். உடுத்திருந்ததும் அதே சுங்குடிதான்.

மாமியா கதவைச் சாத்திட்டா. ஆவுடை அந்த ரத்தத்தோடயே நடந்தா. ஊரு எல்லைக் கல்லுக்கிட்ட வெள்ளச்சி ஓடிப்போய் மறிச்சா.

"தாயி, நான் பாவி. எம் பிள்ளை வாந்திபேதியில போனப்ப எனக்கும் அஞ்சு மாசம் நின்னுச்சு. மனசு ஒடைஞ்சா ஒடம்பும் நின்னுரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அப்படிச் சொன்னேன். வாங்க, வந்து சொல்லுதேன்."

"தெரியுமா ஒனக்கு?"ன்னா ஆவுடை. வேற ஒண்ணும் கேக்கல. நீட்டுன மாத்தையும் வாங்கல. கல்லைச் சுத்திப் போயிட்டா.

வெள்ளச்சி திரும்பிவந்து மேலத்தெரு வாசல்ல விழுந்தா. அத்தனையும் சொன்னா. முப்புடாதி நம்பல. அப்புறம் வெள்ளச்சி அவ காதோட கேட்டாளாம்: "ஒங்களுக்கும்தான் தாயி ஆடியிலருந்து மாத்து போகல. ஒங்க வயித்துல எந்தப் பிள்ளை இருக்கு?"

முப்புடாதி அப்படியே உக்காந்துட்டா.

மூணு தரம் ஆவுடை பொறந்த வீட்டுக்கு வண்டி கட்டிப் போயி கூப்பிட்டாங்க. ஆவுடை வரல. கடைசிவரைக்கும் வரல.

வெள்ளச்சி அந்தச் சுங்குடியைக் கிழிச்சு, வெளுத்து, காய வச்சு, மடிச்சு, அந்தக் கல்லு மேல வச்சா. அன்னையிலருந்து எழவு விழுந்த வீட்டுக்கு அவ மாத்து கொண்டு போறதில்ல. ஒரு வருஷத்துக்குக் கல்லு மேல வைப்பா. வேணுங்கிறவ எடுத்துக்கிடலாம், வேண்டாதவ விட்டுறலாம். எத்தனை இருந்துச்சு, எத்தனை போச்சுன்னு அவ பாக்கவே மாட்டாளாம்.

இப்பக் கடையில எல்லாம் கெடைக்கு. ஆனாலும் நொச்சிகுளத்துல சாவு விழுந்தா, அந்த மாத்துக்கல்லு மேல ஒரு வெள்ளைத்துணி கெடக்கும். துக்க வீட்டுப் பொம்பளையப் பாத்து "முழுகாம இருக்கியா?"ன்னு அந்த ஊருல யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டா, "ஆவுடை போன வழி இன்னும் தொறந்துதான் கெடக்கு"ம்பாங்க.